ஒத்திகை பார்த்த பாடம்

கடைசி பெஞ்சில், முழங்கால் முகவாயை இடிக்க, மதிப்பெண் போட வந்த பேராசிரியர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனது வைத்தால்தான் பயிற்சி ஆசிரியை தேறுவாள். அவள் பூசணி இலையைத் தூக்கிப் பிடிக்கிறாள். நேற்று இதே பிள்ளைகளோடு மூன்று முறை ஒத்திகை பார்த்த பாடம், இன்று பார்த்து அடியோடு மறந்துவிட்டது. ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மட்டும் சாவகாசமாக மிதக்கிறது. முன்வரிசை வாயாடி பொறுக்கமாட்டாமல் எழுந்திருக்கிறாள். “டீச்சர், இப்ப நீங்க ‘இது என்ன?’ன்னு கேக்கணும்.” “இ... இது என்ன?” “இலை!” வகுப்பே கூரையைப் பிளக்கிறது. “அடுத்து எங்களுக்கு சபாஷ் சொல்லணும்.” “சபாஷ்மா.” பேராசிரியரின் பேனா அந்தரத்தில் நிற்கிறது. வாயாடி அவர் பக்கம் திரும்புகிறாள். “என்ன சார், சும்மா இருக்கீங்க? நேத்து உங்க எடத்துல ஒக்காந்த அக்கா இப்பக் கை தட்டினாங்களே!” பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பேராசிரியர் நல்ல பிள்ளையாகக் கை தட்டுகிறார்.