தூண் மறைவுப் பெஞ்சு

"ஊரே சரின்னு சொல்லுது. நீங்க ஒருத்தர் மட்டும் ஆட்சேபணை எழுதிப் போட்டிருக்கீங்க," என்றார் கிளைவ், தேவாலயப் பொறுப்பாளர்.

மியூரியல் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஆட்சேபணை இருந்தா எழுதலாம்னு கதவுல ஒட்டினது நீங்கதானே?"

அறுநூறு வருஷத்துத் தேவாலயம். பழைய பெஞ்சுகளை எடுத்துவிட்டு மேஜை போட்டால், ஹோல்பி கிராமத்தில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் குளிர்காலம் முழுக்க மதியச் சாப்பாடு கொடுக்கலாம். பேராயர் அலுவலகத்தின் அனுமதி வரவேண்டும். ஒரே ஒரு கடிதத்தால் அது நின்றுபோயிருந்தது.

"எல்லாப் பெஞ்சையும் எடுங்க. சூப் நானே காய்ச்சித் தர்றேன். தூணுக்குப் பின்னால இருக்கிற அந்தக் கடைசிப் பெஞ்சு மட்டும் இருக்கட்டும்."

"தண்ணிக் குழாய் அந்த மூலைக்குத்தான் வருது."

"குழாயை வளைங்க."

கிளைவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "அதுல உங்க மாமனார் பேர் போட்ட தகடு இருக்கு. அதானே? குடும்பப் பெருமை உங்களை விடாது. கழட்டிச் சுவர்ல மாட்டிடறோம், போதுமா?"

"தகட்டைக் குப்பையில போடுங்க. பெஞ்சு இருக்கணும்."

போதகர் ஹேசல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மியூரியல், நீங்க எப்பவும் முன்வரிசை. அந்தப் பெஞ்சுல உட்கார்ந்தா பிரசங்கம் பண்ற என் முகம்கூடத் தெரியாது."

"அது ஒண்ணும் பெரிய நஷ்டம் இல்ல," என்றார் கிளைவ்.

மியூரியல் சிரிக்கவில்லை. துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நிக்கிறப்ப, அந்தப் பெஞ்சுப் பக்கத்துக் கதவுத் தாழ்ப்பாள் மெதுவா ஒரு சத்தம் போடும். ஆசீர்வாதத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இன்னொரு தரம். ஜெயில்ல இருந்து வந்த நாள் முதலா அவன் ஒரு ஞாயிறு தவறல."

கிளைவின் முகம் மாறியது. ஹோல்பியில் ஜெயிலுக்குப் போய் வந்தவன் ஒருவன்தான். குடித்துவிட்டுக் கார் ஓட்டி, மியூரியலின் ஒரே மகன் ராபினை இடித்துக் கொன்றவன்.

"அவனா? இத்தனை நாளா அவனைப் பார்த்துக்கிட்டா உட்கார்ந்திருந்தீங்க?"

"முதல் வாரம் தெரியாம திரும்பி, அந்தப் பெஞ்சுல பார்த்துட்டேன். அப்புறம் இல்ல."

மியூரியல் அடுத்த தாங்கியைக் கையில் எடுத்தார்.

"நான் திரும்பிப் பார்த்தா, அடுத்த ஞாயிறு அவன் வரமாட்டான்."