ஐந்து துண்டாய் உடைத்த சொல்

"செப்! மூண்டாவது துண்டில அடியுங்கோ அக்கா! கோழிக்குஞ்சைத் தடவிற மாதிரிச் சொல்லாதேங்கோ!"

சாரங்கா மேசையில் ஓங்கித் தட்டினாள். புதுக்குடியிருப்பில் அவள் நடத்தும் ஆங்கில ரியூசன் கொட்டிலில் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். முன் வாங்கில் இரஞ்சிதம் மட்டும் வியர்த்து வடிய உட்கார்ந்திருந்தாள்.

"அன்... அக்... செப்... ட... பிள்."

"உடைச்சுக் கருத்துச் சொல்லுங்கோ."

"முன்னுக்கு வாற 'அன்' எண்டால் இல்லை. 'அக்செப்ட்' எண்டால் ஏற்கிறது. கடைசி 'ஏபிள்' எண்டால் ஏலும். மொத்தத்தில ஏற்க ஏலாது. எனக்கு ஏன் பிள்ளை இந்தக் கரைச்சல்? தமிழில சொன்னால் அவங்களுக்கு விளங்காதோ?"

"போன முறை தமிழிலதானே சொன்னனீங்கள்?"

இரஞ்சிதத்துக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. போன கூட்டத்தில் அவள் தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். சூரிய மின்தகடு நடக் கம்பனிக்கு அவளுடைய மூன்று ஏக்கர் வயல் வேண்டுமாம். பதிலுக்குக் கல்லும் முள்ளுமாய் ஒரு மேட்டுக் காணி தருவார்களாம். "செத்தாலும் தரமாட்டன்" என்றாள். கம்பனியின் வெள்ளைக்காரர் காதுக்கு அது இங்கிலீசாய்ப் போய்ச் சேர்ந்தபோது, "யோசித்துச் சொல்கிறேன்" என்று ஆகியிருந்தது. அறிக்கையிலும் அப்படியே ஏறிவிட்டது.

"என்ர கதையை மாத்திச் சொன்ன அந்த நாக்கை அறுக்கவேணும்!" என்று சாரங்காவின் முகத்துக்கு நேரே கத்தினாள்.

சாரங்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அறுக்கலாம். நாளைக்குக் கடைசிக் கூட்டம். முதல் இதைச் சொல்லுங்கோ," என்றாள். வயலைப் பறிகொடுக்கப் போகிறவளைவிட, சொல்லிக் கொடுக்கிறவளுக்கு ஆத்திரம் கூடுதலாக இருந்தது.

மறுநாள் முல்லைத்தீவு மண்டபத்தில் கம்பனி அதிகாரி பல்லை இளித்துக்கொண்டு சம்மதப் படிவத்தை நீட்டினார். இரஞ்சிதம் அதைத் தொடவில்லை. எழுந்து வெள்ளைக்காரரை நேராகப் பார்த்தாள்.

"அன்அக்செப்டபிள்!"

செப்பில் விழுந்த அடி மண்டபம் முழுக்கக் கேட்டது. வெள்ளைக்காரர் பேனையைக் கீழே வைத்தார். அதிகாரி பதறிப்போய், பக்கத்துக் கதிரையில் இருந்த மொழிபெயர்ப்பாளரின் காதுக்குள் குனிந்தார்.

"போன முறை மாதிரி மெதுவா ஏதும் மாத்திச் சொல்லிச் சமாளியும், பிள்ளை."

"அவா இங்கிலீசில எல்லோ சொன்னவா சேர்," என்றாள் மொழிபெயர்ப்பாளர் சாரங்கா. "இனி என்னால மாத்த ஏலாது."