மாடிப் பொத்தான்

யூனுஸ் டிவி பழுதுபார்ப்பவர். கோச்சடை வீட்டின் மாடி அறைதான் அவர் பட்டறை. கல்யாணமான புதிதில் மனைவி சுஃபியாவுக்காக ஓர் ‘ஆண்ட் கேட்’ மின்சுற்று செய்தார். சமையலறையில் ஒரு பொத்தான், மாடியில் ஒன்று. அவள் அமுக்கினால் மேலே மணி அடிக்கும். கையிலிருக்கும் ஈயப் பற்றவைப்பை முடித்துவிட்டு அவரும் அமுக்குவார். இரண்டும் சேர்ந்தால் மட்டுமே சமையலறையில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால், சாப்பிட வருகிறார்.

அவர் இறந்தபின் சுஃபியா, கைம்பெண் வீட்டிலேயே இருக்கவேண்டிய இத்தா காலத்தை இருந்து முடித்தாள். அழைத்துப்போக அண்ணன் பரீத் வந்தான்.

“நான் அமுக்குனா வெளக்கு இன்னும் எரியுதுண்ணே. விட்டுட்டு எப்படி வர?”

பரீத்துக்கும் அதே தொழில்தான். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

“எலி கடிச்சு மாடிப் பொத்தான் கம்பி அறுந்து கெடக்குத்தா! அந்தரத்துல கெடக்குற கம்பிய இந்த ஐசி சில்லு அமுக்குனதாத்தான் எடுத்துக்கும். அம்புட்டுதேன்.”

அறுந்த முனையை மைனஸோடு முறுக்கிக் கட்டிவிட்டு இறங்கி வந்தான்.

“இனி எரியாது. சாப்புட்டுக் கெளம்புவோம்.”

சுஃபியா அமுக்கினாள். மேலே மணி அடித்தது. விளக்கு எரியவில்லை. பரீத் அவள் தோளைத் தொட்டான். அவள் விரலை எடுக்கவில்லை.

“பத்தவச்சுக்கிட்டு இருப்பாகண்ணே. முடிச்சுட்டுத்தான் அமுக்குவாக.”

சோற்றில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. இருவரும் நின்றார்கள்.

விளக்கு எரிந்தது.

பரீத் மாடிப்படியைப் பார்த்தான். பிறகு பாயில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டான்.