இரும்புத் தடுப்பு

மாதம் ஒருமுறை அல்போன்சா பாதுகாப்புத் தணிக்கைக்கு வரும் நாளில் மட்டும் பிரஸ் மெஷின்களுக்கு இரும்புத் தடுப்பை மாட்டுவார்கள். அவள் போனதும் கழற்றி ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். மூன்று முறை எழுதிக் கொடுத்து அலுத்துவிட்டாள்.

பிரஸ்ஸில் தகடு வெட்டிக்கொண்டிருந்த வேலம்மாள் தலை நிமிராமல் கேட்டாள். “அடுத்து எப்ப வருவீங்க மேடம்?”

“அடுத்த மாசம்.”

“நாளைக்கும் வாங்களேன். இன்னிக்கு ஒருநாள்தான் விரலப் பத்தி நினைக்காம வேலை பாக்குறேன்.”

“தினம் வந்தா மேடத்துக்கு நீதான் சோறு கட்டிட்டு வரணும்” என்று சிரித்தார் சூப்பர்வைசர் குணசீலன். ஸ்பேனர் அவர் கையில் தயாராக இருந்தது. “கையெழுத்துப் போட்டீங்கன்னா கிளம்பலாம் மேடம். வண்டி நிக்குது.”

அல்போன்சாவுக்குக் கால் கடுத்தது. கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினாள். ஸ்டூலை மெஷினருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“வண்டியைப் போகச் சொல்லுங்க.”