உப்புக் கை

"கைய நீட்டுங்க இருதயம்மா."

"நீட்டிட்டேன் சார். மோந்து பாக்கீங்களா, நக்கிப் பாக்கீங்களா?"

பேராசிரியர் ராஜசேகர் மோந்தே பார்த்தார். உப்பில் ஊறிய நெல்லிக்காய் வாசம்.

பீர்மேட்டுக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகம் அது. மேசைமேல் இருந்த பீக்கரில் திரவம் தானாகச் சிவந்து, தானாக நீலமாகி, மறுபடி சிவக்க வேண்டும். அதற்குள் நிற்கும் எலெக்ட்ரோடு, புரோமைடின் ஏற்ற இறக்கத்தைக் கணினித் திரையில் மலை மலையாக வரையும். மாணவி மாரீஸ்வரியின் ப்ராஜெக்டே அதுதான். இன்றும் மலைகள் எழுந்து, சட்டென்று தரையாகிவிட்டன.

"உப்புல இருக்கிற குளோரைடு கொஞ்சம் பட்டாலும் இது செத்துரும். பீக்கர் கழுவுறது நீங்க. வேற யாரச் சொல்றது?"

"கையத் தேச்சுக் கழுவிட்டுத்தான் தொட்டேன். ஒரு நெல்லிக்காய்க்கா இம்புட்டு விசாரணை?"

"நாளையில இருந்து வேற ஆள் வரும். பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன்."

இருதயம்மாளின் சிரிப்பு போயிற்று. "இந்த முட்டிய வச்சுக்கிட்டு மறுபடி தேயிலைத் தோட்டத்துல கொழுந்து கிள்ள ஏலாது சார். நீயாச்சும் சொல்லு தாயி."

மாரீஸ்வரி குனிந்துகொண்டாள். அவளுக்கும் சந்தேகம்தான். இருதயம்மாள் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு இறங்கிப் போனாள்.

ராஜசேகர் பீக்கரைத் தானே கழுவிப் புதுக் கலவையை ஊற்றினார். சிவப்பு, நீலம், சிவப்பு.

"பாத்தியா? அந்தம்மா போனதும் உசுரு வந்துருச்சு."

புரோமைடு எலெக்ட்ரோடுக்குத் துணையாக இன்னொன்றும் வேண்டும். அவர் ஆசையாக வாங்கிவந்தது. தினமும் செய்வதுபோல அதன் கண்ணாடிக் குழாயில் கரைசலை விளிம்புவரை நிரப்பினார். நுனியில் ஒரு துளி திரண்டு தொங்கியது. இரண்டையும் பீக்கருக்குள் இறக்கினார்.

திரையில் மலைகள் எழுந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகின. பிறகு வெறும் கோடு.

அவர் வெடுக்கென்று திரும்பினார். "நீ எதையாச்சும் தொட்டியா?"

"இல்ல சார்." மாரீஸ்வரி அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குள்ள என்ன ஊத்துனீங்க?"

"பொட்டாசியம் குளோ..." பாதியில் நின்றது அவர் குரல்.

"அது நுனி வழியாக் கசியும்ல சார்?"

அவர் குழாயை வெளியே தூக்கினார்; நுனியில் மறுபடி ஒரு துளி திரண்டது. கீழே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"பஸ் வந்துருச்சு. அக்காவக் கூப்பிடுங்க சார்."