ஐந்தாவது வாக்கியம்

ஒரு மார்க்குக்காகக் கெஞ்ச வந்திருக்கிறாள் என்றுதான் வாத்தியார் நினைத்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவள் மட்டும் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து அந்த ஆங்கில வகுப்பு நடந்தது. ஆயாக்கள், லிஃப்ட்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று பன்னிரண்டு பேர். பரீட்சையில் தேறினால் மேற்பார்வை வேலைக்குப் போகலாம்.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். சம்பளம் வேண்டாம் என்று சொல்லித் தானாக வந்து சேர்ந்தவர். நல்ல மனுஷர்தான். ஆனால் திருத்த உட்கார்ந்தால் ஈவு இரக்கம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'சிவப்புப் பேனா' என்று பேர்.

போன வாரம் 'அரேஞ்ச்' என்ற வினைச்சொல்லை எடுத்தார். அடுக்கி வைப்பது ஒரு அர்த்தம், ஏற்பாடு செய்வது இன்னொன்று, இரண்டு பக்கமும் பேசி முடித்து வைப்பதும் அதே சொல்தான் என்று பலகையில் எழுதிப் போட்டார். வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமலே இருப்பதற்கும் அதுதானா என்று டிரைவர் கேட்டதில் வகுப்பே சிரித்தது.

பரீட்சையில் அந்தச் சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். மூன்றாவது மாடி வார்டில் வேலை பார்க்கும் ஆயா, எல்லாருக்கும் 'மூணாம் மாடி அக்கா', நான்கைச் சரியாக எழுதியிருந்தாள். படுக்கை, மருந்துப் புட்டி, நாற்காலி, மகள் கல்யாணம். ஐந்தாவதுதான் இடித்தது.

'ஐ அரேஞ்ச் த ஃபேஸ்.'

வாத்தியார் சிவப்பில் சுழித்தார். அந்த ஒரு மார்க்கில் அக்கா கோட்டைவிட்டாள். அதோடு விடவில்லை. இன்றைக்கு வகுப்பில் அதை உரக்கப் படித்து, முகம் என்ன அலமாரியா, எடுத்து அடுக்கி வைக்க என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தமாஷ் புரியாத கூட்டம் என்று வாத்தியார் அடுத்த தாளை எடுத்தார்.

இப்போது அக்கா தாளை மேஜையில் வைத்தாள்.

"சார், அந்தக் கடைசி வாக்கியத்தை அடிச்சிடுங்க."

"அடிச்சா மார்க் வந்துடுமா?"

"மார்க் வேணாம் சார். அடுத்த பரீட்சையில பாத்துக்கறேன். இனிமே அதை வகுப்புல படிக்காதீங்க. அது போதும்."

முப்பது வருஷத்தில் இப்படி ஒரு கோரிக்கையை அவர் கேட்டதில்லை. எழுதியதற்கு அர்த்தம் தெரியாமல் ஒரு வரியையும் அடிக்க மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னார். அக்கா மெல்லச் சொன்னாள்.

வார்டில் ஒரு உயிர் போனால், டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனதும் நர்ஸ் குழாய்களை எடுத்துவிடுவார். சொந்தக்காரர்களை உள்ளே விடுவதற்குள் அவளுக்குப் பத்து நிமிஷம் கிடைக்கும். கண்ணை மூடி, இமைமேல் விரலைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பாள். வாய் திறந்திருந்தால் துண்டைச் சுருட்டித் தாடைக்கு முட்டுக் கொடுப்பாள். வெந்நீரில் நனைத்த துணியால் நெற்றியை நீவ நீவ, வலியில் சுருங்கிய முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அப்புறம் தலை சீவிவிடுவாள். யாரும் சொல்லிச் செய்கிற வேலை கிடையாது.

"கடைசியா பாத்த முகம்தானே சார் காலம்பூரா மனசுல நிக்கும். அதைத்தான் எழுதினேன். எனக்கு வேற சொல் தெரியல."

வாத்தியார் அகராதியைப் புரட்டினார். அந்தச் சொல்லுக்குக் கீழே, ஆறாவது வரியில், முகத்துக்கும் சேர்த்தே போட்டிருந்தது. சுழியின் மேல் கோடு கிழித்து, பக்கத்தில் 'சரி' போட்டார்.

"நீங்க பாஸ்மா. தப்பு என்னோடது."

அக்கா முகம் மலரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். வாத்தியாருக்குத்தான் மனசு தாங்காமல் பேச வேண்டும் போலிருந்தது. உட்காரச் சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் மனைவியும் இதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தாள். நுரையீரல் கோளாறு. இருபது நாள் பக்கத்திலேயே இருந்தவர், குளித்துத் துணி மாற்றி வரலாம் என்று ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்தில் இல்லாமல் போனோமே என்று அன்றைக்கே இவரும் போயிருப்பார். அவள் முகம்தான் காப்பாற்றியது. அசந்து தூங்குகிற மாதிரி இருந்தது. இங்கே சம்பளமில்லாமல் பாடம் நடத்துவதும் அந்த நன்றிக்குத்தான்.

"அவளுக்கு உங்க வேலை எதுவும் தேவைப்பட்டிருக்காதும்மா. தூக்கத்துலயே போயிட்டா."

"ஆமா சார்," என்றாள் அக்கா உடனே. "அம்மா நிம்மதியாதான் போனாங்க. கஷ்டமே படல."

வாத்தியார் பேனாவை மூடப்போனவர் அப்படியே நிறுத்தினார். மனைவி எந்த மாடியில் இருந்தாள் என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை.

பேனாவை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவ எப்பவும் இடது பக்கம்தான் வகிடு எடுப்பா. அன்னிக்கு வலது பக்கம் இருந்தது. ஏன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல."

அக்கா கையிலிருந்த தாளை மடித்தாள், பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"எதிர்ல நின்னு சீவினேன் சார். பக்கம் மாறிப்போச்சு. மன்னிச்சுக்குங்க."