இரண்டு பேர் வேலை

“மிஸிஸைக் கூப்பிடுங்கோ அண்ணை. இது தனியாளாச் செய்யேலாத வேலை.”

பிக்கப் வண்டியின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து மெக்கானிக் ஜெராட் தலையை நீட்டினான். வெளியே நின்ற ஆனந்தராஜா கேற்றுப் பக்கம் பார்த்தார்.

“அவ பிள்ளையளோட ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவுக்குப் போயிட்டா. லீவுக்குப் போறமெல்லே, சாமான் வாங்க.”

மனைவி பிரிந்து போய் இரண்டு மாரிகாலம் கழிந்திருந்தது. பிள்ளைகள் அவளோடு. வடக்கு லண்டன் எட்மண்டனில், பழைய வண்டிகள் நிற்கும் இந்த யார்டின் மூலையில் உள்ள கேரவன் என்ற இழுவை வண்டிதான் அவருக்கு வீடு. அது ஒருவருக்கும் தெரியாது. இப்போது யார்டை விற்றுவிட்டார்கள். மாலையில் கேற்றைப் பூட்டுவதற்குள் கேரவனை இழுத்துக்கொண்டு வெளியேறாவிட்டால் அதைத் தூக்கிப் போய் உடைத்துவிடுவார்கள்.

பிக்கப்பும் கேரவனும் அமெரிக்காவிலிருந்து ஒன்றாக வந்தவை. பிக்கப்பின் டாஷ்போர்டிலேயே ஒரு சின்ன லீவர் உண்டு. அதை அழுத்தினால் பின்னால் வரும் கேரவனின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். இன்று கேரவனை மாட்டியதுமே திரையில் சிவப்பு எழுத்து: ட்ரெய்லர் வயரிங் கோளாறு. லீவரை எவ்வளவு அழுத்தியும் பிரேக் இல்லை.

“அப்ப நீங்களே ஏறி இருங்கோ. நான் சொல்லேக்க லீவரை அமத்துங்கோ. நான் சில்லுக்குப் பக்கத்தில காது வைக்கிறன். பிரேக் வேலை செய்தா உள்ள ஒரு முனகல் கேக்கும்.”

ஆனந்தராஜா அழுத்தினார். “கேக்குதோ?”

“செத்த வீட்டை விட மோசம் அண்ணை. அங்கையாவது அழுகைச் சத்தம் கேக்கும்.”

ஜெராட் பியூஸைப் பார்த்தான், நன்றாகவே இருந்தது. இணைப்புச் சொக்கற்றின் துருவைச் சுரண்டினான். சிவப்பு எழுத்து அசையவில்லை. கேரவனின் வயரைக் கழற்றினான், மறைந்தது. திரும்ப மாட்டினான், வந்து நின்றது.

“பிக்கப்பில பிழையில்லை. லீவருக்குப் பின்னால இருக்கிற பிரேக் பெட்டியும் நல்லாத்தான் இருக்கு. பிழை உங்கட கேரவனுக்குள்ள.”

ஆனந்தராஜா நகர்ந்து கேரவன் கதவுக்கு முன்னால் நின்றார். வடக்கு லண்டன் தமிழரின் பாதி வண்டிகள் ஜெராட்டின் கையால்தான் ஓடுகின்றன. ஒரு வீட்டுக் கதை அடுத்த வீட்டுக்குப் போக அவனுக்கு அரை நாள் போதும்.

“உள்ள போகவேணுமோ தம்பி?”

“முதல்ல கீழ பாப்பம். டோர்ச் எடுக்கவேணும்.”

“இரு, நான் எடுத்துத் தாறன்” என்று ஆனந்தராஜா அவனுடைய வான் வண்டியை நோக்கி நடந்தார்.

“வேண்டாம், வேண்டாம்! உள்ள ஒரே குப்பை!” ஜெராட் ஓடி வந்து, பின்கதவைக் கை நுழையுமளவு மட்டும் திறந்து, டோர்ச்சை எடுத்துக்கொண்டு படாரென்று சாத்தினான்.

அவன் பொக்கற்றில் போன் சிணுங்கியது.

“ஓம் ஷெறோன்... வேலையில நிக்கிறன்... சோத்தை மூடி வையும், வந்திடுவன்.” போனைப் பிக்கப்பின் பொனற் மூடியில் வைத்துவிட்டுச் சிரித்தான். “நேரத்துக்குச் சாப்பிடாட்டி மனுசி உயிரை எடுத்துப்போடும் அண்ணை.”

“நீ குடுத்து வச்ச ஆள் தம்பி.” இன்று அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

கேரவனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “இந்த மெல்லிசு வயர் ஆர் கட்டினது? எர்த் எண்டு நினைச்சுப் பிரேக் வயரில கட்டியிருக்கு. லைட் எரியும்தான். ஆனா அந்தக் கரண்ட் பிரேக் வயருக்குள்ள ஏறிப் பெட்டியைக் குழப்புது. மேல எங்க போகுது இது?”

ஆனந்தராஜா வாய் திறக்குமுன் ஜெராட் வெளியே வந்து கேரவன் கதவைத் திறந்துவிட்டான்.

ஒரு தலையணை. கழுவிக் கவிழ்த்த ஒரு கோப்பை. சுவரில் பிள்ளையார் படம்; அதன் முன்னே எரிந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சிவப்பு பல்பு.

ஜெராட் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“லீவுக்குப் போற வண்டியில ஆர் அண்ணை அணையாத விளக்கு வைப்பினம்? சாமி விளக்கு வீட்டிலயெல்லோ எரியும்.”

ஆனந்தராஜாவால் தலை நிமிர முடியவில்லை. “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை தம்பி. பிள்ளையளின்ர காதுக்குப் போனா என்னால தாங்கேலாது. சட்டன் ஊருக்கு அங்கால ஒரு பண்ணைக்காரன் இடம் தந்திருக்கிறான். இண்டைக்கே போயிடுவன்.”

ஜெராட் திரும்பவும் கேரவனுக்கு அடியில் நுழைந்தான். அந்த வயரை வெட்டியெறிவான் என்று ஆனந்தராஜா நினைத்தார். அவனோ அதைப் பிரேக் வயரிலிருந்து பிரித்து, சரியான எர்த்தில் கட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றினான். உள்ளே விளக்கு மறுபடி எரிந்தது.

“இப்ப ஏறி அமத்துங்கோ!”

அழுத்தினார். திரையில் சிவப்பு இல்லை.

“கேக்குது அண்ணை! பூனைக்குட்டி மாதிரி முனகுது!”

பொனற்றில் இருந்த போன் மறுபடி அடித்தது. ஆனந்தராஜா இறங்கி வந்து அதை எடுத்து நீட்டினார். “உன்ர மனுசி போல.”

நீட்டிய பிறகுதான் திரையைப் பார்த்தார். பெயர் எதுவும் இல்லை. அலாரம் மணிப் படம் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. முதலில் சிணுங்கியதும் இதே சத்தம்தான்.

ஜெராட் போனை வாங்கவில்லை. நடந்து போய் வானின் பின்கதவுகள் இரண்டையும் அகலத் திறந்துவிட்டான். சுருட்டிய மெத்தை, குட்டி ரைஸ் குக்கர், மூலையில் மாதா சுரூபம். அதன் காலடியில் எரிந்துகொண்டிருந்தது ஒரு சின்ன நீல பல்பு.

“அந்தப் பண்ணையில இன்னொரு வண்டி நிப்பாட்ட இடமிருக்குமோ அண்ணை?”